சான்று பெற்ற கருவி, சான்று பெறாத விரல்

1

கம்ப்யூட்டர் பற்றித் தமிழில் எழுதப்படுபவற்றைப் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடக்கிவிடலாம். ஒன்று, 'எப்படிப் பயன்படுத்துவது' என்று கைபிடித்துச் சொல்லித்தரும் எழுத்து. இன்னொன்று, வரப்போகும் உலகத்தைப் பற்றிய வியப்பு, அல்லது மிரட்சி. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு கேள்வி கேட்கப்படாமலேயே கிடக்கிறது. எந்தக் கருவி எந்த இயங்குதளத்தோடு சேரலாம், எது சேரக்கூடாது என்பதைத் தீர்மானிப்பவர்கள் யார்? சேர்வதற்கான 'தகுதி' யாருடைய வார்த்தைகளில் வரையறுக்கப்படுகிறது? 'அதெல்லாம் இன்ஜினியர்கள் சமாச்சாரம், நமக்கெதுக்கு' என்று இலக்கியவாதிகளும் கோட்பாட்டாளர்களும் ஒதுங்கிக்கொள்வது வசதியானதுதான். ஆனால் மரக்காணத்தில் உப்பு வாரும் ஒரு பெண் ரேஷன் கடைக் கருவியின் மீது விரலை வைத்துவிட்டுக் காத்து நிற்கும்போது, இந்தக் கேள்வி இன்ஜினியர்களின் மேசையைத் தாண்டி வந்துவிடுகிறது.

'கம்பேட்டிபிலிட்டி' என்பதைத் தமிழில் பொருத்தம், இணக்கம் என்றெல்லாம் சொல்கிறார்கள். பொருத்தம் என்ற சொல்லை நம்மூரில் எங்கே அதிகம் கேட்கிறோம்? கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கும் இடத்தில். பத்துப் பொருத்தம் பார்க்க உட்காருவதற்கு முன்பே பார்த்து முடிக்கப்பட்டுவிடும் இன்னொரு பொருத்தம் சாதி என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேர் சேர்ந்து வாழ முடியுமா என்பதை அந்த இரண்டு பேரும் வாழ்ந்து பார்த்துச் சொல்வதில்லை. மூன்றாவது ஆள் ஒருவர் கட்டம் பார்த்துச் சொல்கிறார். கருவிகளின் பொருத்தமும் இப்படி ஒரு மூன்றாவது ஆள் சொல்லும் விஷயமாக மாறிய கதையை முதலில் பார்த்துவிடுவோம்.

ஓர் இயங்குதளத்துக்கு (விண்டோஸ், லினக்ஸ் எதுவானாலும் சரி) ஒரு குறிப்பிட்ட பிரின்டரோ ஸ்கேனரோ எப்படிப் பேசும் என்பது தானாகத் தெரியாது. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிப் பேச்சு. நடுவில் நின்று அந்தப் பேச்சைப் பெயர்த்துச் சொல்லும் புரோகிராம்தான் 'டிரைவர்'. கலைச்சொல் அகராதிகள் இதை 'இயக்கி' என்கின்றன. எனக்கென்னவோ 'துபாஷி' என்ற பழைய சொல்தான் நெருக்கமாகப் படுகிறது. புதுச்சேரியில் டூப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்கு இது விளங்கும். கோட்டைக்கு உள்ளே இருப்பவனுக்கு வெளியே உள்ள பாஷை தெரியாது. வெளியே உள்ளவர்களுக்கு உள்ளே பேசுவது புரியாது. இருவருக்கும் தேவைப்படுகிற துபாஷி உள்ளறைவரை போய்வருகிறார். டிரைவர்களில் பலவும் அப்படித்தான், இயங்குதளத்தின் 'கெர்னல்' எனப்படும் உள்ளறையில் வைத்தே ஓடுகின்றன. கடிதம் அடிக்கிற ஒரு சாதாரண புரோகிராம் கெட்டுப்போனால் அது மட்டும் மூடிக்கொள்ளும். உள்ளறையில் இருக்கும் டிரைவர் கெட்டுப்போனால் மொத்த மெஷினும் நீலத்திரையைக் காட்டிவிட்டு நின்றுவிடும். ஆகவே யாரை உள்ளே விடுவது என்ற கவலை நியாயமான கவலை. அதை மறுத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. அந்தக் கவலை ஒரு நிறுவனத்தின் வாயிற்காவலாக எப்படி உருமாறியது, அதே வாயிற்காவல் பிறகு அரசின் கைக்கு எப்படி வந்தது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டியிருக்கிறது.

2

விண்டோஸ் எக்ஸ்பி (2001) காலத்தில், சான்று பெறாத டிரைவரை ஏற்றப்போனால் ஓர் எச்சரிக்கைப் பெட்டி திறக்கும்: இது மைக்ரோசாஃப்ட்டின் லோகோ சோதனையில் தேறவில்லை என்று. கூடவே 'பரவாயில்லை, மேலே போ' என்கிற மாதிரி ஒரு பொத்தானும் இருக்கும். நம்மூர்க் கம்ப்யூட்டர் கடைப் பையன்கள் பெட்டியைப் படிக்காமலேயே பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். 2007இல் கடைகளுக்கு வந்த விஸ்டாவின் 64-பிட் வடிவத்தில், உள்ளறையில் ஓடும் டிரைவருக்குக் கையொப்பம் கட்டாயமாயிற்று. அந்தப் பொத்தான் இல்லாமல் போயிற்று. 2016இல் விண்டோஸ் 10இன் 1607ஆம் பதிப்பு வந்தபோது, புதிய கெர்னல் டிரைவர்கள் மைக்ரோசாஃப்ட்டின் வாசலுக்கே போய் மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பத்தையே வாங்கிவர வேண்டும் என்றாயிற்று. எச்சரிக்கை, தடை, பிறகு ஒற்றை வாசல். பதினைந்து ஆண்டுகளுக்குள் மூன்று படிகள்.

இந்தக் கையொப்பம் உண்மையில் எதைச் சொல்கிறது? இரண்டு விஷயங்களைத்தான். இந்த டிரைவரை இன்னார் கொடுத்தார். கொடுத்த பிறகு இதில் ஓர் எழுத்துகூட மாற்றப்படவில்லை. டிரைவரைக் கணக்குப்போட்டு ஒரு சுருக்க எண்ணாக்கி, அந்த எண்ணை ரகசியத் திறவுகோலால் பூட்டுவார்கள். அதற்கு இணையான பொதுத் திறவுகோல் வைத்திருக்கும் எந்த மெஷினும் அதைச் சரிபார்த்துக்கொள்ளும். டிரைவர் நல்லதா, உங்கள் மெஷினில் ஒழுங்காக ஓடுமா என்று கையொப்பம் சொல்வதில்லை. சோதனைச் சாலையில் ஓட்டிப்பார்த்துத் தரப்படும் சான்று ஒன்று உண்டு. தயாரித்தவர் தன் பொறுப்பில் உறுதிகூற, சோதனையின்றியே மைக்ரோசாஃப்ட் போட்டுத்தரும் கையொப்பமும் உண்டு. பயன்படுத்துகிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே கையொப்பம்தான்.

1971இல் மான்ட்ரியாலில் வாசித்த கட்டுரையில் தெரிதா கையொப்பம் பற்றிப் பேசியது இங்கே நினைவுக்கு வருகிறது. கையொப்பம் கையொப்பமாக இருக்க வேண்டுமானால் அது திரும்பத் திரும்பப் போடக்கூடியதாக இருந்தாக வேண்டும். ஆனால் திரும்பப் போட முடிகிறது என்பதாலேயே போட்டவர் இல்லாத இடத்திலும் அது செயல்படும்; போலிக்கும் அங்கேயே இடமுண்டு. இதை வெறும் தத்துவ விளையாட்டு என்று நினைத்தவர்களுக்கு 2010 பதில் சொன்னது. ஈரானின் அணு நிலையத்தைக் குறிவைத்துச் செய்யப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற நாசகாரப் புரோகிராமின் டிரைவர்கள், தைவானைச் சேர்ந்த ரியல்டெக், ஜேமைக்ரான் ஆகிய இரு நிறுவனங்களின் திருடப்பட்ட திறவுகோல்களால் கையொப்பமிடப்பட்டிருந்தன. கையொப்பம் செல்லுபடியானது. வாயிற்காவலன் சல்யூட் அடித்து உள்ளே விட்டான்.

2024 ஜூலை 19 இன்னொரு பாடம். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் டிரைவர் முறையாகச் சோதிக்கப்பட்டு மைக்ரோசாஃப்ட்டின் சான்று பெற்றது. அந்த டிரைவர் படிக்கும் தகவல் கோப்பு மட்டும் நாள்தோறும் மாறிக்கொண்டிருந்தது. அதற்குச் சான்று கிடையாது. அன்றைக்கு வந்த கோப்பில் இருந்த பிழையால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் படுத்துவிட்டன. சான்று டிரைவருக்கு இருந்தது, பழுது டிரைவருக்குள் ஊட்டப்பட்டதில் இருந்தது. இந்திய விமான நிலையங்களில் அன்று என்ன செய்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. போர்டிங் பாஸைக் கையால் எழுதிக்கொடுத்தார்கள். ஹைதராபாத்தில் அப்படி எழுதித்தரப்பட்ட சீட்டின் படம் நாடெங்கும் சுற்றிவந்தது. மெஷின் நின்றது, பயணிகள் பறந்தார்கள். மெஷினுக்கு ஆளைத் தெரியாமல் போனால் மனிதர் மனிதரைப் பார்த்து எழுதிக்கொடுப்பது சாத்தியம்தான், யாருக்கு எழுதிக்கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து.

லினக்ஸ் தரப்பில் வேறொரு வழக்கம் இருக்கிறது. டிரைவரின் மூலநிரல் கெர்னலுக்குள் சேர்ந்துவிட்டால், பிறகு கெர்னலின் உட்பகுதியை மாற்றுகிறவர்களே அந்த டிரைவரையும் அதற்கேற்பத் திருத்தித் தர வேண்டும். கருவியைச் செய்த கம்பெனி மூடிப்போனாலும், யாரோ ஒருவர் பார்த்துக்கொள்ளும்வரை பழைய கருவி உயிரோடு இருக்கும். இதைச் சொர்க்கம் என்று நான் சொல்லவரவில்லை. மூலநிரல் தராத தனியுடைமை டிரைவரை ஏற்றினால், கெர்னல் தன்னைக் 'கறைபட்டது' என்று குறித்துக்கொள்கிறது. நம் மொழியில் சொன்னால் தீட்டு! சுதந்திர மென்பொருளின் அகராதியிலும் தூய்மைவாதம் புகுந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனாலும் ஒரு வித்தியாசம். இந்தத் தீட்டு பொதுவாக யாரையும் வெளியே நிறுத்துவதில்லை. ஓட விடுகிறது, பழுது வந்தால் யாரைக் கேட்பது என்பதற்கு ஓர் அடையாளம் போட்டு வைக்கிறது. மற்றதில் ஓடுவதற்கே அனுமதி தேவை. 2021இல் வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் பட்டியலில் உள்ள பிராசஸரும் கேட்டது. 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. நேற்றுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் ஒரே நாளில் 'பொருந்தாதவை' ஆயின. அவற்றில் எதுவும் பழுதாகவில்லை. பட்டியலில் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

3

இனி மரக்காணம். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், கழுவெளி நீர் கடலோடு சேரும் இடத்தையொட்டி ஆயிரக்கணக்கான ஏக்கரில் பரந்து கிடக்கிறது உப்பளம். மழை விட்டபிறகு பாத்திகளைச் சேறு மிதித்துச் சமப்படுத்துவதில் தொடங்கி, அடுத்த மழைவரை வேலை. கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி பாமே அடர்த்தியில் இருக்கும். பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வைத்து 25 டிகிரிக்குக் கொண்டுவந்தால் உப்பு பூக்கத் தொடங்கும். டிகிரி பார்க்கக் கருவி உண்டு. ஆனால் பழகியவர்கள் நீரின் நிறத்தையும் காலில் படும் பிசுபிசுப்பையும் வைத்தே 'இன்னும் ஒரு நாள் போவட்டும்' என்று சொல்லிவிடுவார்கள். உப்பை வாருவதும், கூடையில் அள்ளி வரப்பின் மேல் தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் கொட்டுவதும் கைகளால், கால்களால். அடர்ந்த உப்புநீரும் உப்புக்கல்லின் விளிம்பும் பலகைப் பிடியும் சேர்ந்து தோலை வெடிக்கவைக்கின்றன, தடிக்கவைக்கின்றன, விரல்நுனியைத் தேய்க்கின்றன. மேடும் பள்ளமுமாய் ஓட வேண்டிய ரேகை மழுங்கிப்போகிறது.

அந்த விரலை எதிர்கொள்ளும் கருவியைப் பார்ப்போம். ஆதார் சரிபார்ப்புக்கான ரேகைக் கருவிகளுக்கு மத்திய அரசின் மின்னணுத் துறையைச் சேர்ந்த எஸ்.டி.க்யூ.சி. என்ற அமைப்பு சான்று தருகிறது. படத்தின் கூர்மை இத்தனை, கோப்பின் வடிவம் இன்னது, குறியாக்கம் இன்னவகை என்றெல்லாம் விதிகள். 2017இல் 'ரிஜிஸ்டர்ட் டிவைஸ்' முறை கட்டாயமாக்கப்பட்டது. கருவியோடு சேர்த்து, அதைத் தயாரித்த நிறுவனம் தரும் 'ஆர்.டி. சர்வீஸ்' என்ற புரோகிராமையும் ஏற்ற வேண்டும். நாம் மேலே பார்த்த துபாஷியின் வேலையைத்தான் இதுவும் செய்கிறது. இ-சேவை மையத்தின் கம்ப்யூட்டரில் இது பின்னணியில் உட்கார்ந்திருக்கும். ரேகையைக் கருவியிலிருந்து வாங்கிக் கையொப்பமிட்டுப் பூட்டி மேலே அனுப்பும். கையொப்பம் மென்பொருளிலேயே போடப்பட்டால் 'எல்-0' தரம். கருவிக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பான சில்லில் போடப்பட்டால் 'எல்-1' தரம். பிறகு எல்-0 கருவிகளைக் கைவிட்டு எல்-1க்கு மாறச் சொன்னார்கள். கெடு தள்ளித் தள்ளிப் போனது. நன்றாக வேலைசெய்துகொண்டிருந்த ஸ்கேனரை ஓரங்கட்டிவிட்டுப் புதியதை வாங்கியது மையம் நடத்தும் சின்ன ஆள். ஆர்.டி. சர்வீஸுக்குத் தவணைக்கால உரிமம் வேறு. கருவி உங்களுடையது, அதைப் பேசவைக்கிற துபாஷிக்கு வாடகை.

இப்போது சங்கிலியை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். கருவிக்குச் சான்று. ஆர்.டி. சர்வீஸுக்குச் சான்று. அது உட்கார்ந்திருக்கும் இயங்குதளத்தின் டிரைவருக்குக் கையொப்பம். கேட்கும் ஏஜென்சிக்கு உரிமம். மேலே இருக்கும் மையக் கிடங்குக்குச் சட்டம். ஒவ்வொரு கண்ணியும் சான்று பெற்றது. சான்று பெறாதது ஒன்றே ஒன்று, கடைசியில் வைக்கப்படும் விரல். ரேகை ஒத்துப்போகவில்லை என்ற பதில் வந்தால் பிழை எங்கே இருக்க முடியும்? சான்று பெற்றவை பிழைசெய்யா என்பது எழுதப்படாத விதி. ஆகவே பிழை விரலில். 'இன்னா ஆயா, ரேகையே விழமாட்டேங்குது? தொடைச்சிட்டு வையி. அடுத்த விரல வையி. நாளைக்கி வா.' கடைக்காரர் கெட்டவர் என்பதால் இப்படிப் பேசுவதில்லை. அவருக்கும் வேறு வாக்கியம் கொடுக்கப்படவில்லை. 'மெஷின் எடுக்கல' என்று அவர் சொல்லும் சந்தர்ப்பங்களிலும் அடுத்து நாளைக்கு நடக்க வேண்டியது ஆயாதான், மெஷின் அல்ல.

இதுதான் சான்றிதழ் என்ற சொல்லாடலின் மையமான வேலை என்று கருதுகிறேன். அது கருவியின் தரத்தை உறுதிசெய்வதைக் காட்டிலும், பழி எந்தத் திசையில் வழிந்தோட வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. டிரைவர் விஷயத்திலும் அதுவே நடந்தது. சான்று பெறாத டிரைவரை ஏற்றினீர்களா, மெஷின் நின்றதற்கு நீங்கள் பொறுப்பு. சான்று பெற்றதை ஏற்றி மெஷின் நின்றால்? உங்கள் மெஷினில் வேறு ஏதோ கோளாறு.

'அதெல்லாம் சில்லறைக் குறைகள், போகப்போகச் சரியாகிவிடும்' என்பவர்களுக்கு இரண்டு தகவல்கள். ஆதார் ஆணையம் உயிரியல் அடையாளங்கள் குறித்து அமைத்த குழு, 2009 டிசம்பர் அறிக்கையிலேயே, ரேகையின் தரம் இந்தியச் சூழலில் ஆழமாக ஆராயப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. உடலுழைப்பால் தேய்ந்த கைகளின் தேசத்தில் விரலை ஆராயாமலேயே விரல்மீது கட்டடம் எழும்பியது. இரண்டாவது, 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றத்தின் முன் ஆணையமே தந்த கணக்கு: அரசு சேவைகளில் சரிபார்ப்பு 12 சதவீதம் தோற்கிறது. வங்கியிலும் தொலைபேசித் துறையிலும் தோல்வி இதைவிடக் குறைவு. ஏன் என்று யோசித்துப் பார்த்தால் போதும், எந்த வரிசையில் எந்தக் கைகள் நிற்கின்றன என்பது தெரிந்துவிடும்.

விதிவிலக்குகள் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ரேகை விழாவிட்டால் அதைக் காரணமாக்கிப் பொருள் மறுக்கக் கூடாது என்று 2017 அக்டோபரில் ஆணையமே சுற்றறிக்கை விட்டது. 2020 அக்டோபரில் தமிழக ரேஷன் கடைகளில் ரேகை முறை வந்தபின், கடைக்கு வர முடியாதவர்கள் வேறொருவரை நியமித்துப் படிவம் தரலாம் என்ற ஏற்பாடும் உண்டு. கருவிழிக் கருவிகளும் வந்திருக்கின்றன. (வெள்ளை உப்பின் மீது பட்டுத் தெறிக்கும் வெயிலில் நாள்முழுக்க நின்று கண் எரிச்சலோடு வருகிறவரிடம் 'கண்ணை நல்லாத் திறங்க' என்று சொல்வது எப்படியிருக்கும் என்பதையும் யோசிக்கலாம்.) ஆனால் விதிவிலக்கு என்ற சொல்லைக் கவனியுங்கள். விதி, கருவியின் பக்கம். விலக்கு, மனிதரின் பக்கம். உப்பளத்துக் கைக்கு விதியிலேயே இடம் வைக்காமல், இரக்கத்தில் இடம் தரப்படுகிறது. இரக்கம் கடைக்குக் கடை மாறும்.

4

'கைநாட்டு' என்ற சொல்லின் வரலாறு இங்கே தலைகீழாகிறது. எழுதப்படிக்கத் தெரியாதவரை இளக்காரம் செய்ய நாம் பயன்படுத்திவந்த சொல் அது. கையெழுத்துப் போடத் தெரியாததால் விரலை மையில் தோய்த்து வைப்பவர். இன்று பட்டதாரியும் அதிகாரியும் சேர்ந்தே கைநாட்டு வைக்கிறார்கள். கையெழுத்தின் உரிமை மட்டும் கருவிக்கும் டிரைவருக்கும் போய்விட்டது. மெஷின் கையொப்பமிடுகிறது, மனிதன் ரேகை வைக்கிறான். இந்தத் தலைகீழ் மாற்றத்தில் எல்லோரும் சமமாகிவிட்டோம் என்று சந்தோஷப்படத் தோன்றும். ஆனால் மேசைவேலைக்காரரின் ரேகை விழுகிறது. உப்பு வாரியின் ரேகை விழவில்லை. கைநாட்டு வைத்தே காலம் தள்ளியவருக்குக் கைநாட்டும் மறுக்கப்படுகிறது.

ரேகை எடுப்பது இந்த மண்ணில் நேற்று முளைத்த வழக்கமும் அல்ல. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி ஓர் ஒப்பந்தக்காரரின் உள்ளங்கைப் பதிவை வாங்கினார், பின்னால் வாக்கு மாறாமலிருக்க. 1897இல் கல்கத்தாவில் ரேகைப் பதிவகம் வந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு உழைத்தவர்கள் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ். பெயர் போனது எட்வர்ட் ஹென்றிக்கு. 1911ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் பாய்ந்தபோது, ஜனங்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். ரேகை வைக்க மறுத்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டு 16 பேர் செத்தார்கள். அன்று ரேகை வைக்க மாட்டேன் என்றவர்மீது துப்பாக்கி. இன்று வைக்கிறேன், எடுத்துக்கொள் என்பவரிடம் 'விழவில்லை' என்ற பதில். இரண்டையும் ஒரே தராசில் வைப்பதாக யாரும் புரிந்துகொள்ள வேண்டாம். முன்னது வன்முறை, பின்னது அலட்சியம். ஆனால் இரண்டிலுமே உடலின் ஒரு துணுக்கு ஆளைவிட நம்பகமானதாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஊரே அறிந்த ஒருத்தி, தலைமுறையாய் அதே தெருவில் இருப்பவள், கடைக்காரரே பெயர் சொல்லிக் கூப்பிடுபவள், மெஷினுக்குத் தெரியாதவள் ஆகிவிடுகிறாள். அல்தூஸர் சொல்லும் 'அழைத்தல்' நினைவுக்கு வரலாம்: அதிகாரம் கூப்பிடும்போது திரும்பிப் பார்ப்பதால் ஒருவர் குடிமகனாகிறார் என்பது. இங்கே அவள் திரும்பிப் பார்த்துவிட்டாள். கூப்பிட்ட குரலுக்குத்தான் அவளை அடையாளம் தெரியவில்லை.

இந்த இடத்தில் எதிர்வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ரிஜிஸ்டர்ட் டிவைஸ் முறை சும்மா வரவில்லை. சேமித்துவைத்த ஒரே ரேகையைக் கொண்டு திரும்பத் திரும்பச் சரிபார்ப்பு நடத்தப்பட்ட விவகாரம் 2017 பிப்ரவரியில் வெளிவந்தது. (திரும்பப் போட முடிவதுதான் கையொப்பம், திரும்பப் போட முடிவதுதான் போலியும்.) கருவியிலேயே பூட்டி அனுப்பினால் இந்தத் திருட்டு கடினமாகும். ஏழையின் பெயரில் இன்னொருவன் அரிசி வாங்குவதைத் தடுப்பது ஏழைக்கு விரோதமான காரியம் அல்ல. மரக்காணத்து உப்புக்கே இப்படி ஒரு சான்று வரலாறு இருக்கிறது. அயோடின் சேர்க்காத உப்பை நேரடி உணவுக்கு விற்கத் தடை 1998இல் வந்தது, 2000இல் நீக்கப்பட்டது, 2006இல் திரும்ப வந்தது. கழலை நோயைக் குறைக்க அயோடின் உதவும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அயோடின் சேர்க்கும் இயந்திரமும் பாக்கெட்டும் முத்திரையும் யாரிடம் இருக்கிறதோ அவர் கைக்கு விலை போனது. பாத்தியில் விளைவித்தவரிடம் இருப்பது வெறும் 'கச்சாப் பொருள்'. நோக்கம் நல்லதாக இருக்கும்போதும் சான்று அதிகாரத்தை இடம் மாற்றுகிறது. ஆகவே சான்று வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதைவிட, சான்று தருவதற்கான சோதனையில் யாருடைய உடல் கணக்கில் வந்தது, தோற்றால் யார் நஷ்டப்படுவது என்று கேட்பது பயனுள்ளது.

5

டிஜிட்டல் சான்றுகளின் உலகில் ஒரு விசித்திரம் உண்டு. ஒவ்வொரு சான்றையும் மேலே உள்ள இன்னொரு சான்று உறுதிசெய்யும். அதை அதற்கும் மேலே உள்ளது. இப்படி ஏறிக்கொண்டே போனால் உச்சியில் ஒரு 'மூலச் சான்று' இருக்கும். அதை உறுதிசெய்வது யார்? அதுவேதான். தனக்குத்தானே கையொப்பமிட்டுக்கொண்ட சான்று அது. அதை நம்பும்படி நம் மெஷின்களில் முன்பே பதித்துத் தந்திருக்கிறார்கள். அதிகாரம் என்பதற்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் அரசியல் நூல்களில் கிடைப்பது அரிது. தனக்குத்தானே சான்று கொடுத்துக்கொள்ள முடிந்தவர் ஆள்கிறார். மற்றவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

மரக்காணமும் திண்டிவனமும் சேர்ந்த இந்த வட்டாரத்தில் இருளர்கள் பழங்குடிச் சான்றிதழுக்காக எத்தனை காலம் நடந்திருக்கிறார்கள் என்பது வாசகர்கள் அறியாதது அல்ல. திண்டிவனத்திலிருந்து செயல்படும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பேராசிரியர் பிரபா கல்விமணியும் இதற்காக ஆண்டுக்கணக்கில் போராடிவந்திருக்கிறார்கள். சப்-கலெக்டர் ஆபீஸில் கேட்கப்படும் முதல் கேள்வி என்ன? 'அப்பனுக்குச் சான்று இருக்கா?' அப்பனுக்கு இருந்தால் மகனுக்கு. அப்பனுக்கு இல்லையென்றால், அவருடைய அப்பனுக்கு. டிரைவரின் கையொப்பத்தை மெஷின் சரிபார்ப்பதும் இதே ஏறுவரிசையில்தான். ஆனால் இருளரின் வரிசை உச்சிவரை ஏறிப்போனால் அங்கே மூலச் சான்று இல்லை. எழுதிவைக்காத ஒரு வாழ்க்கை இருக்கிறது. அதை ஆபீஸ் படிப்பதில்லை. பட்டியலில் சாதியின் பெயர் இருக்கிறது, ஆளுக்குச் சான்று இல்லை. பொருந்தும் கருவிகளின் பட்டியல் என்றாலும் பழங்குடிகளின் பட்டியல் என்றாலும், பட்டியல் என்பது சேர்ப்பதற்கான கருவியாக அறிவிக்கப்பட்டு விலக்குவதற்கான கருவியாகவும் செயல்படுவதை நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

என்ன செய்யலாம்? கருவிகளை உடைத்தெறி என்று கோஷம் போடுவது எளிது. மறுநாள் அரிசி வாங்க அதே கடைக்குத்தான் போக வேண்டும். நான் கேட்பது மூன்றே விஷயங்கள். முதலாவது, ஒரு ரேகைக் கருவிக்குச் சான்று தருவதற்கு முன் அது எந்தக் கைகளோடு சோதிக்கப்பட்டது என்பது தெரிய வேண்டும். உப்பளம், செங்கல்சூளை, மீன்கூடம், வயல் ஆகியவற்றின் கைகள் அந்தச் சோதனையில் இருக்க வேண்டும். அவற்றோடு பொருந்தாத கருவிக்குச் 'சான்று பெறாதது' என்று பெயர் வைக்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு முறை ரேகை விழாதபோதும் அந்தத் தோல்வி ஆளின் கணக்கில் எழுதப்படாமல் கருவியின் கணக்கில், அதன் வரிசை எண்ணோடு எழுதப்பட வேண்டும். தோல்விகள் குவியும் கருவியின் சான்று தானாக ரத்தாக வேண்டும். டிரைவர் மெஷினை நிறுத்தினால் டிரைவரைத் திரும்பப்பெறுகிறார்கள் அல்லவா? மூன்றாவது, கையால் எழுதும் நோட்டு கடையில் எப்போதும் இருக்க வேண்டும், மெஷினுக்குச் சமமான சட்ட மதிப்போடு. விமானப் பயணிக்கு ஒருநாள் கிடைத்த அந்தக் கையெழுத்துச் சீட்டை உப்பு வாரும் பெண்ணுக்கு இரக்கமாக இல்லாமல் உரிமையாகக் கேட்கிறோம்.

இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்லப்படும். ஒத்துவருவது என்றால் எதற்கு எது ஒத்துவருவது? இயங்குதளத்துக்கு ஏற்பக் கருவி, கருவிக்கு ஏற்ப டிரைவர், டிரைவருக்கு ஏற்ப விரல் என்றுதான் இதுவரை இறங்கிவந்திருக்கிறது இந்த வரிசை. விரலில் தொடங்கி மேலே போகிற மாதிரி இதை எழுதிப்பார்க்க யாரும் முயன்றதாகத் தெரியவில்லை.